பொட்டு வச்ச போன்

ஹலோ...

இல்லீங்க, ஹலோன்னு சொல்லலாமா கூடாதான்னே தெரியல. நான் ரிசீவரை எடுக்கவே இல்லையே. எடுக்காத போனுக்கு ஹலோ சொல்றது எந்த ஊர் வழக்கமுங்க? சரி, வணக்கமுங்க. இந்தக் குட்டி லைட்டு செவப்பா எரியுது. இது எரிஞ்சா அந்தப் பக்கம் யாரோ கேட்டுட்டு இருக்காங்கன்னு அர்த்தம்னு மெக்கானிக் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. அதனால நீங்க இருக்கீங்க. இருக்கீங்கதானுங்களே?

நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. நான் தம்பின்னே கூப்பிடறேன். வயசானவரா இருந்தா மன்னிச்சுக்கங்க. பொம்பளையா இருந்தா... இல்ல, பொம்பளையா இருக்க முடியாது. பொம்பளையா இருந்தா இத்தனை மாசம் வாயைத் தொறக்காமக் கேட்டுக்கிட்டே இருந்திருக்க முடியாது. தம்பிதான்.

என்னை உங்களுக்கு அறிமுகம் வேற பண்ணணுமாக்கும். கோகிலவாணி. சென்னியப்பன் சாரோட பி.ஏ. இது சாரோட ரூம். மூலையில இருக்கற இந்த மேசை என்னுது. அதாவது போன மாசம் வரைக்கும் என்னுது. நீங்க உள்ள உக்காந்து கேட்டுட்டு இருக்கற போனும் என்னுதுதான். நான் தும்மினதுலருந்து, சோறு தின்னுட்டு ஏப்பம் விட்டதுலருந்து, எங்க வீட்டுக்காரரோட செல்லுல மல்லுக்கு நின்னதுலருந்து எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நினைச்சா உடம்பெல்லாம் கூசுதுங்க. சார் மத்தியானம் சாப்பிட்டுட்டு சோபாவுல சாஞ்சு குறட்டை விடுவாரு பாருங்க, அதையும் கேட்டிருப்பீங்க. அதுக்கு மட்டும் உங்களை நினைச்சா பாவமா இருக்குது.

பயப்படாதீங்க, நான் திட்ட வரல. சாரும் அவரு மாப்பிள்ளை நவநீதனும் பரமத்தியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. ஆபீஸ் ஆளுங்க எல்லாம் கீழ சாப்பிட்டுட்டு இருக்காங்க. நான் இப்ப அவங்களோட சாப்பிடறதில்லீங்க. நான் போய் உக்காந்தா பேச்சு பொசுக்குனு நின்னு போயிருது. சாம்பார் ஊத்தற சத்தந்தான் கேக்கும். அதுக்கு உங்களோட பேசிட்டு இருக்கலாம்னு வந்தேன். இந்த ரூமுக்குள்ள நான் வரக் கூடாதுங்க. மெக்கானிக் திரும்ப வந்து சரி பண்ற வரைக்கும் இந்தப் போனை யாரும் தொடக் கூடாதுன்னும் உத்தரவு. நான் தொடல. கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்.

மொதல்லருந்து சொல்லிர்றேன். நீங்க காதாலதான கேட்டிருப்பீங்க, கண்ணால பாக்கலையே.

எங்க கம்பெனி பெட்ஷீட்டு, கர்ட்டன், அடுப்படித் துண்டு எல்லாம் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி. கரூர்ல தடுக்கி விழுந்தா இந்த மாதிரி ஒரு கம்பெனி வாசல்லதான் விழணும். எங்ககிட்ட ஒரு பழைய இன்டர்காம் இருந்துச்சு. கரகரன்னு இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளை சிங்கப்பூர்ல படிச்சுட்டு வந்தவரு. வந்ததும் வராததுமா, 'மாமா, இதையெல்லாம் தூக்கிப் போடுங்க, இனி எல்லாம் இன்டர்நெட்ல ஓடற போனுதான்'னாரு. மாப்பிள்ளை சொன்னா சாரு மறுத்துப் பேசுவாரா? எல்லா மேசைக்கும் புதுப் போன் வந்துச்சு. கறுப்பா, பளபளன்னு.

போன் மாட்ட வந்தவரு எங்கிட்ட வந்து, 'மேடம், ஒவ்வொரு போனுக்குள்ளயும் ஒரு பாஸ்வேர்டு இருக்குதுங்க. கம்பெனியிலருந்து வர்றப்ப எல்லா போனுக்கும் ஒண்ணேதான் போட்டு அனுப்புவாங்க. மாத்திரலாங்களா?'ன்னாரு. நான் ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். 'ஆளுக்கொண்ணு வச்சா யாருங்க ஞாபகம் வச்சுக்கறது? நாளைக்கு ஒருத்தர் மறந்துட்டா எங்கிட்டத்தான் ஓடி வருவாங்க. போனைச் செஞ்சவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது? அவன் போட்டதே இருக்கட்டும்.' அவரு தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாரு. நான் எப்பவுமே அப்படித்தானுங்க, ஒரு முடிவுன்னா பட்டுனு எடுத்துருவேன். அதனாலதான் என்னை விட்டா சாருக்கு வேலை ஓடாது. ஓடாதுன்னு இருந்துச்சு.

ஆயுத பூஜை வந்துச்சு. ஆபீஸ்ல பூஜைன்னா அது என் பொறுப்பு. கம்ப்யூட்டர், கால்குலேட்டர், பேப்பர்ல ஓட்டை போடற பஞ்சிங் மிஷின் வரைக்கும் ஒண்ணையும் விட மாட்டேன். புதுப் போனுக்கெல்லாம் ஓரத்துல ஒரு பொட்டு வச்சுட்டு வந்தேன். என் போனுக்கு மட்டும் கொஞ்சம் லட்சணமா வைக்கணும்னு ஆசை. பாத்தா மேல நடுவுல வட்டமா, மொழுமொழுன்னு ஒரு இடம், நெத்தி மாதிரியே. அங்க சந்தனத்தை நல்லா கொழைச்சு அப்பி, அதுக்கு மேல குங்குமம். அட, போனுக்கு ஒரு களை வந்துருச்சுங்க! அது லைட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எரியாதப்ப அது வெறும் பிளாஸ்டிக்குத்தான. அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு. போனுக்குப் பொட்டு வைக்காம நான் ஒரு வெள்ளிக்கிழமை கூட வேலையை ஆரம்பிச்சதில்ல.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது.

தை மாசம்னு நினைக்கறேன். டென்மார்க்குக்காரங்க பெரிய ஆர்டர் ஒண்ணு, அடுப்படித் துண்டு. என்ன விலை சொல்றதுன்னு சாரும் மாப்பிள்ளையும் இந்த ரூம்ல உக்காந்து மண்டையை ஒடைச்சுட்டு இருக்காங்க. நான் இங்க என் இடத்துல. திடீர்னு பாக்கறேன், என் போன்ல வச்ச பொட்டு ஜொலிக்குதுங்க. சத்தியமா! உள்ளருந்து நெருப்பு மாதிரி ஒரு செவப்பு. எனக்கு அப்படியே மயிர்க்கூச்செடுத்துப் போச்சு. 'சார், இங்க பாருங்க சார், ஆத்தா வந்துட்டா'ன்னு கத்திட்டேன். மைதிலி, அக்கவுண்ட்ஸ்ல இருக்கா, அவளும் சத்தம் கேட்டு ஓடி வந்தா. சார் செருப்பைக் கழட்டி வச்சுட்டு வந்து கன்னத்துல போட்டுக்கிட்டாரு. மாப்பிள்ளை கூட, சிங்கப்பூர்ல படிச்ச மாப்பிள்ளை, செல்லுல படம் புடிக்கப் போனாரு, சார்தான் தடுத்துட்டாரு, சாமியைப் படம் புடிக்கக் கூடாதுன்னு. 'மாரியாத்தா உத்தரவு கொடுத்துட்டா. இந்த விலையே இருக்கட்டும், டாலர்ல ஒரு சென்டு குறைக்க வேண்டாம்'னு சார் சொன்னாரு.

அது ஆத்தா இல்ல, பொட்டு காஞ்சு வெடிச்ச கீறல் வழியாத் தெரிஞ்ச லைட்டு, நீங்கதான்னு இப்பத்தான தெரியுது. அடுத்த வெள்ளிக்கிழமைப் பொட்டுல அந்தக் கீறலையும் நானே மூடிட்டேன். அன்னிக்கு நாங்க எல்லாரும் வரிசையா நின்னு உங்களைத்தான் கும்பிட்டிருக்கோம். நீங்களும் அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்திருப்பீங்க. சிரிச்சீங்களா தம்பி? சிரிச்சிருப்பீங்க. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

அந்த ஆர்டர் போச்சு. பைபாஸ் ரோட்டுல எங்களுக்குப் போட்டியா இருக்கற கம்பெனிக்குப் போயிருச்சு. நாங்க சொன்ன விலைக்கு மயிரிழை கீழ அவங்க விலை. அடுத்த ஆர்டரும் அப்படித்தான். அதுக்கடுத்து ஜெர்மனிக்காரங்க கர்ட்டனும் அப்படியே. கூடவும் இல்ல, ரொம்பக் குறையவும் இல்ல, எங்க விலையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதின மாதிரி ஒரு விலை. சாருக்கு உள்ளுக்குள்ள புகைய ஆரம்பிச்சுருச்சு. இந்த ரூம்ல பேசற பேச்சு வெளிய போவுதுன்னா, ரூம்ல இருக்கறது யாரு? சாரு. மாப்பிள்ளை. நானு.

சாரா வெளிய சொல்லுவாரு? மாப்பிள்ளையா சொல்லுவாரு? அப்ப யாருங்க மிச்சம்?

இதுல இன்னொண்ணு. சாருக்கு வெத்தலைப் பழக்கம். வாய்க்குள்ள அதக்கிட்டுப் பேசினாருன்னா அவரு சொல்றது அவருக்கே புரியாது. அதனால அவரு ஒரு விலை சொன்னா நான் சத்தமா, தெளிவா, ஒவ்வொரு எண்ணா திருப்பிச் சொல்லுவேன். 'துண்டு, நாலு கலர், ஒரு டசன் இவ்வளவு, சரிங்களா சார்?' ம்ம்னு தலையாட்டினாத்தான் டைப் பண்ணுவேன். வேலைக்கு வந்த நாள்லருந்து இதுதான் என் வழக்கம். ஒரு எண்ணு தப்பினதில்ல. உங்களுக்குக் கூட சாரு சொன்னது புரிஞ்சிருக்காது, நான் சொன்னதுதான் புரிஞ்சிருக்கும். என் குரல் அப்படி, கணீர்னு இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல நான்தான் ப்ரேயர் பாடறது.

சாரு என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதுதாங்க என்னைக் கொன்னுருச்சு. 'கோகிலா, நீயா சொன்ன?'ன்னு கேட்டிருந்தா, 'இல்லீங்க சார்'னு சொல்லியிருப்பேன், முடிஞ்சிருக்கும். கேக்கல. ஒரு நாள் காலையில வந்து பாக்கறேன், என் டப்பா, தண்ணி பாட்டில், சாமி படம் எல்லாத்தையும் சாம்பிள் ரூமுக்குக் கொண்டு போய் வச்சிருக்காங்க. ஜன்னல் இல்லாத ரூமுங்க அது. சுத்தியும் பெட்ஷீட்டு கட்டுக் கட்டா. சாயத்து வாடை. அதுக்குள்ள எனக்கு ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசையில போன் கிடையாது. வேலையும் கிடையாது. 'சும்மா இரும்மா, தேவைன்னா கூப்பிடறோம்'னாங்க. கூப்பிடல. வெளிய போறப்ப வாட்ச்மேன் என் பையைத் தொறந்து பாக்கறாரு. 'மன்னிச்சுக்கங்கம்மா'ன்னு சொல்லிட்டே டிபன் பாக்ஸையும் தொறந்து பாக்கறாரு. டிபன் பாக்ஸுக்குள்ள விலையையா எடுத்துட்டுப் போவேன்?

வேலையை விட்டுட்டுப் போயிர வேண்டியதுதானன்னு நீங்க நினைக்கலாம். எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் மொதல்ல சொன்னாரு. எப்படிங்க போறது? நானாப் போனா, பாத்தியா ஓடிட்டா, அவதான்னு ஆயிரும். இந்த ஊர்ல எக்ஸ்போர்ட்டுக்காரங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான். சாயங்காலம் ஒரே கிளப்புல உக்காந்து பேசறவங்க. சென்னியப்பன் கம்பெனியில விலையை வித்துட்டு வந்தவன்னு ஒரு தடவை பேர் வந்துருச்சுன்னா, எனக்கு ஒரு கம்பெனியிலயும் நாற்காலி கிடையாது. வேலை கூடப் போவட்டுங்க, பேரு? என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இந்த ஆபீஸ்ல இருக்கேன். சாரும் என்னைப் போன்னு சொல்ல மாட்டேங்கறாரு. 'பொம்பளைப் பாவம் நமக்கு வேண்டாம்'ங்கறாராம். போவவும் முடியாம, இருக்கவும் முடியாம, அந்தப் பெட்ஷீட்டுக் கட்டுக்கு நடுவுல உக்காந்திருக்கேன் தம்பி. சில நேரம் மூச்சு முட்டுது. நெசமாலுமே முட்டுது, கதவைத் தொறந்து வச்சாலும் முட்டுது.

அப்பத்தான் ஜெரால்டு வந்தாரு. திருச்சிக்காரரு. கம்ப்யூட்டர், போன் எல்லாம் பாக்கற மெக்கானிக். மாப்பிள்ளைக்கு எப்படியோ போன் மேல ஒரு சந்தேகம் வந்து வரச் சொல்லியிருக்காரு. ஜெரால்டு வாசல்ல, கார் நிறுத்தற இடத்துல நின்னுக்கிட்டு, மடியில வைக்கற கம்ப்யூட்டரைத் தொறந்து என்னமோ தட்டினாரு. பாஸ்வேர்டு கேட்டுச்சு. போனைச் செஞ்ச கம்பெனி போட்ட அதே பாஸ்வேர்டைப் போட்டாரு. அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள்ளருந்து சாரு இருமற சத்தம் வருதுங்க! சாரு மாடியில, இந்த ரூம்ல இருக்காரு. நாங்க எல்லாம் வாசல்ல. 'இந்தப் பூட்டுக்குச் சாவி எல்லார் கையிலயும் இருக்குது. இன்டர்நெட்ல வெளியருந்தும் உள்ள பூந்துக்கலாம். போனைத் தொடாமயே மைக்கை மட்டும் போட்டு விட்டா, ரூம்ல பேசற அத்தனையும் கேக்கலாம்'னாரு ஜெரால்டு.

எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா, நான் தப்பிச்சேன், போன்தான் திருடன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். மைதிலி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. அந்த ஒரு நிமிசம் இருக்குது பாருங்க, எனக்குச் சிறகு மொளைச்ச மாதிரி இருந்துச்சு. எல்லாரும் மாடிக்கு ஏறி இந்த ரூமுக்கு வந்தோம்.

ஜெரால்டு இந்தப் போனைக் குனிஞ்சு பாத்தாரு. 'மைக் ஓடினா இதுல செவப்பு லைட்டு எரியுமே. இத்தனை மாசமா யாரும் கவனிக்கலையா?'ன்னாரு. அப்புறம் நகத்தால சொரண்டினாரு. பொட்டு அடை மாதிரி பேந்து வந்துச்சு. அதுக்கடியில லைட்டு மினுக்குனு. 'யாருங்க இதை மூடி வச்சது?'

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. மைதிலி புடிச்சிருந்த கையை விட்டுட்டா.

'நான்தாங்க வச்சேன், வெள்ளிக்கிழமை பொட்டு'ன்னேன். 'பாஸ்வேர்டை ஏங்க மாத்தாம விட்டீங்க?'ன்னாரு. 'மாத்த வேண்டாம்னு சொன்னதும் நான்தாங்க'ன்னேன். உள்ளதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்? மாப்பிள்ளை சிரிச்சாரு. 'பூட்டைத் தொறந்து வச்சது இவங்க. மணியடிச்சா கேக்காத மாதிரி துணியைச் சுத்தி வச்சதும் இவங்க. எண்ணு எண்ணா சத்தமாப் படிச்சதும் இவங்க. இதுக்கு மேல என்ன மாமா வேணும்?'ன்னாரு. அந்த மாதிரி எடுத்து அடுக்கினா எனக்கே என் மேல சந்தேகம் வருதுங்க!

சார், அன்னிக்குப் பொட்டு ஜொலிச்சப்ப நீங்களும் கன்னத்துல போட்டுக்கிட்டீங்களே சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எப்படிங்க கேக்கறது? முதலாளி. அத்தனை பேரு முன்னாடி. முழுங்கிட்டேன். அப்புறமா மைதிலிகிட்டத் தனியாக் கேட்டேன், 'உனக்காவது ஞாபகம் இருக்குல்ல?'ன்னு. 'எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்கக்கா'ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்கும் வேலை வேணுமில்ல. அவளைக் குறை சொல்லல. இல்ல, சொல்றேன். குறை சொல்றேன். எத்தனை நாள் அவளுக்காக நான் ஆபீஸ்ல பொய் சொல்லியிருக்கேன், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்!

கடைசியில சாரு ஒரு வழி சொன்னாரு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில பூஜை முடிஞ்சதும், எல்லார் முன்னாடியும் தட்டுல கற்பூரத்தை ஏத்தி வைப்பாங்க. நான் கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணணும். 'என் வாயால வெளிய சொல்லல, என் கையால துரோகம் செய்யல'ன்னு. பண்ணிட்டா எல்லாம் மறந்துரலாம், என் மேசை எனக்கு, பழைய மாதிரி இருந்துக்கலாம்னாரு. சாரு நல்லவருங்க. அவரு நம்பறதுக்கு ஒரு கொழுக்கொம்பு தேடறாரு, எனக்குப் புரியுது.

எங்க வீட்டுக்காரரு, 'அடிச்சுட்டு வா, கற்பூரந்தான, சுட்டா தேங்காயெண்ணெய் தடவிக்கலாம்'ங்கறாரு. வெங்கமேட்டுல அவருக்குப் பெயிண்டுக் கடை. நாள் முழுக்க, இது மழைக்குப் போவாது, வெயிலுக்குப் போவாதுன்னு சத்தியம் பண்ணிட்டு இருக்கறவரு, அவருக்கு என்ன. எனக்கு முடியல தம்பி. நினைச்சுப் பாருங்க. என் வாயால வெளிய சொல்லல. சொன்னேனே! நீங்க கேட்டது என் வாயால சொன்னதைத்தான? கணீர்னு, எண்ணு எண்ணா. என் கையால செய்யல. இந்தக் கையாலதான பொட்டு வச்சு லைட்டை மறைச்சேன்? நெருப்பு முன்னாடி நின்னு இல்லைன்னு எப்படிச் சொல்றது? தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா செஞ்சேன். கற்பூரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமான்னு எனக்குத் தெரியலீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, கோயமுத்தூர்ல படிக்கறா. நான் ஒண்ணைச் சொல்லி, அது அவ தலையில விடிஞ்சா?

அதனால நேத்து சார்கிட்டப் போனேன். 'சார், சத்தியம் பண்றேன் சார். ஒரே ஒரு வார்த்தை மட்டும் சேத்துக்கறேன். தெரிஞ்சு. என் வாயால தெரிஞ்சு சொல்லல, என் கையால தெரிஞ்சு செய்யல. அவ்வளவுதான் சார்'னேன். சாரு யோசிச்சாரு. சரின்னு சொல்லியிருப்பாரு, வாய் வரைக்கும் வந்துருச்சு. மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாரு. 'பாத்தீங்களா மாமா, குத்தமில்லாதவங்களுக்கு எதுக்கு ஒட்டு வார்த்தை? ஒரு வார்த்தையில பூந்து வெளிய வந்துரப் பாக்கறாங்க'ன்னாரு. சாரு மொகம் அப்படியே கல்லாப் போச்சு. 'நான் சொன்ன மாதிரி பண்றதுன்னா பண்ணு. இல்லைன்னா நாளையோட கெளம்பிரு'ன்னுட்டாரு.

அந்த ஒரு வார்த்தையைக் கேக்காம இருந்திருந்தா கூடப் பரவாயில்ல. கேட்டதுலதான் முழுசா முழுகிட்டேன். அடிச்சா பொய்ச் சத்தியம். அடிக்கலைன்னா துரோகி. ரெண்டு பக்கமும் செவுரு தம்பி. நான் எந்தப் பக்கம் போறது, சொல்லுங்க?

நேத்து ராத்திரி கண்ணே மூடல. அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. நான் சொல்லலைங்கறது இந்த உலகத்துல யாருக்குத் தெரியும்? சாருக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு நம்பறாரு, ஆனா அவருக்கும் தெரியாது. தெரிஞ்சது உங்களுக்கு மட்டுந்தான். நான் உங்களோட ஒரு வார்த்தை பேசினதில்ல, ஒரு பைசா வாங்கினதில்ல, நீங்க இருக்கறதே எனக்குத் தெரியாது. அது உங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்குன்னு இருக்கற ஒரே சாட்சி நீங்கதான். நீங்க செஞ்சது தப்புத்தான், பெரிய தப்பு. உங்களையும் யாரோ சம்பளம் கொடுத்து உக்கார வச்சிருப்பாங்க. நீங்களும் ஒரு ரூமுக்குள்ள காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு, குறட்டையைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க. உங்க ரூம்லயாவது ஜன்னல் இருக்குதுங்களா?

நான் உங்களைக் காட்டிக் கொடுக்கல. உங்க பேரு வேண்டாம், ஊரு வேண்டாம். நாளைக்குக் காலையில பூஜைக்கு எல்லாரும் இந்த ரூம்லதான் நிப்பாங்க. கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து, இந்தம்மாவுக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிருங்க. அப்புறம் லைட்டை அணைச்சுட்டுப் போயிருங்க. திங்கக்கிழமை ஜெரால்டு வந்து எல்லாப் போனையும் சரி பண்ணிருவாரு, அதுக்கப்புறம் நீங்களே நினைச்சாலும் பேச முடியாது. நாளைக்கு விட்டா எனக்கு வேற நாளே இல்ல.

செய்வீங்களா தம்பி? எனக்குத் தம்பி வயசுதான் உங்களுக்கு இருக்கும். அக்கான்னு நினைச்சுக்கங்க. இத்தனை மாசம் என்னைக் கேட்டீங்க, இந்த ஒண்ணைக் கேக்க மாட்டீங்களா? பதில் சொல்லுங்க. ஒரு ம்ம் சொன்னாக் கூடப் போதும். லைட்டு எரியுது, நீங்க இருக்கீங்க, எனக்குத் தெரியும். ஒரு ம்ம்.

தம்பி.

ஐயோ, சார்! வாங்க சார். நீங்க... கல்யாணத்துக்கு... இப்பத்தான் வந்தீங்களா சார்? இல்லீங்க சார், நான் போன்ல பேசலீங்க. போனைத் தொடவே இல்லீங்க சார், பாருங்க, கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன். யாருகிட்டயா? யாருன்னு எனக்குத் தெரியாதுங்க சார். சத்தியமாத் தெரியாது. மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் பொறுங்க, நான் சொல்றதை...

இருங்க. இருங்க இருங்க. பேசறாரு!

என்ன சொன்னீங்க தம்பி? 'சரிங்கக்கா'வா? 'நீங்க சொன்ன மாதிரியே சொல்லிர்றேன்'னா சொன்னீங்க?

சார், கேட்டீங்களா சார்? உங்க காதால கேட்டீங்கல்ல? நான் சொல்லலை சார், போனே பேசுது பாருங்க! இனிமே கற்பூரமே வேண்டாம் சார், சாட்சியே வந்துருச்சு! மாப்பிள்ளை, நீங்களும் கேட்டீங்கல்ல? 'நீங்க சொன்ன மாதிரியே'ன்னுதான சொன்னாரு, அதுக்கு ஏன் சிரிக்கறீங்க? என் வயித்துல பாலை வாத்தீங்க தம்பி, நீங்க நல்லா இருப்பீங்க. தம்பி, லைன்லயே இருங்க, வச்சுராதீங்க. எங்க சாரு இங்கதான் நிக்கறாருங்க, வணக்கம் சொல்லுங்க.